நாலு பேர் போதும்: கிறிஸ்தவ இளம் பெண்களுக்கு ஊரில் ஒரு ஜெபக் குழு தொடங்கி நடத்தும் முழு வழிகாட்டி

இது ஒரு அக்காவுக்காக எழுதியது. உங்களுக்கு இருபத்தைந்து வயதோ நாற்பது வயதோ இருக்கலாம். இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில், கல்லடி, பெரியகல்லாறு, வாழைச்சேனை, கல்முனை, தம்பிலுவில் என்று எந்த ஊராகவும் இருக்கலாம். ஞாயிறு ஆராதனையில் பின்வரிசையில் இருக்கிற பெண் பிள்ளைகளைப் பார்த்து, 'இவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும்' என்று மனதில் பட்டிருந்தால் இந்த வேலை உங்களுடையதுதான். வேதாகமக் கல்லூரியில் படித்திருக்கத் தேவையில்லை, நல்ல குரலும் தேவையில்லை.

பெண் பிள்ளைகளுக்கு வாலிபர் முகாம், தியானம், பெரிய கூட்டம் எல்லாம் நடக்கின்றன. அவை நல்லவை, நடக்கட்டும். ஆனால் முகாம் முடிந்து மூன்றாவது கிழமை, வீட்டில் சண்டை, ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு சரியில்லை, கூட்டாளி ஒருத்தி பேச்சை நிறுத்திவிட்டாள் என்று வரும்போது, அவளைத் தாங்குவது அவளைப் பேர் சொல்லித் தெரிந்த ஒரு மூத்த பெண்ணும், அவள் வராவிட்டால் கவனிக்கிற நாலைந்து பேரும்தான். லூக்கா முதலாம் அதிகாரத்தைப் பாருங்கள். தேவதூதன் வந்து போனபின் மரியாள் புறப்பட்டு, வயதில் மூத்த தன் உறவுக்காரி எலிசபெத்தின் வீட்டுக்குப் போகிறாள், ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே தங்குகிறாள். தன்னை நம்பி வாழ்த்துகிற ஒரு மூத்த பெண்ணின் வாசலில் நின்றுதான் அவள் தன் பாட்டைப் பாடுகிறாள். நீங்கள் செய்யப்போவது எலிசபெத்தின் வேலை.

முதல் படி: யார் வரவில்லை என்று பாருங்கள்

ஒரு கொப்பியை எடுத்து உங்கள் சபையில், பங்கில் உள்ள பதினாறு முதல் இருபத்தைந்து வயது வரையான பெண் பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். ஒழுங்காக வருகிறவர்களின் பெயர் உடனே வந்துவிடும். அதற்குப் பிறகுதான் உண்மையான பட்டியல் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை டியூசன் கிளாஸ் என்று வராமல் போனவள். கார்மென்ட்ஸில் வேலை, ஞாயிறுதான் துணி துவைக்கிற நாள் என்பவள். அம்மா சவூதியிலோ குவைத்திலோ இருக்க, தம்பி தங்கச்சிக்குச் சமைத்துப் போட்டு வீட்டை நடத்துகிறவள். பத்தொன்பது வயதில் கலியாணம் முடித்துக் கைக்குழந்தையோடு இருப்பவள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்க வன்னியிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவள். வீட்டில் எல்லாரும் சைவம், தான் மட்டும் ஆலயத்துக்கு வருகிறவள்.

இந்த இரண்டாவது பட்டியலிலிருந்து இரண்டு பேர், முதல் பட்டியலிலிருந்து இரண்டு பேர். நாலு பேர் போதும். கூட்டமாக வேண்டும் என்று மேடையிலிருந்து அறிவித்தல் கொடுக்க வேண்டாம். அறிவித்தலுக்கு வருகிறவர்கள் எப்படியும் வருகிறவர்கள்தான். மற்ற இருவரையும் நேரில் போய்த்தான் கூப்பிட வேண்டும்.

அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் பக்கத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்கின்றன. அங்கே ஒரே ஊரில் நாலு பேர் கிடைக்காவிட்டால் பிரதான வீதி பஸ் ஓடுகிற இரண்டு மூன்று ஊர்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு ஊரில் இரண்டே பேர் என்றாலும் தொடங்கலாம். இரண்டு மூன்று பேர் கூடினால் போதும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் படி: அனுமதி

முதலில் போதகர் அல்லது பங்குத்தந்தை. ஐந்து நிமிடக் கதைதான், ஆனால் முன்கூட்டியே கதைத்துவிட வேண்டும். 'பெண் பிள்ளைகள் சிலர் கிழமைக்கு ஒருமுறை வேதம் வாசித்து ஜெபிக்கப்போகிறோம், பெயர் இவை, இடம் இது, நேரம் இது. மாதம் ஒருமுறை உங்களுக்குச் சொல்வேன்.' இவ்வளவு போதும். சபைக்குத் தெரியாமல் நடக்கிற குழுவைப் பற்றி நம் ஊரில் மூன்றாம் நாளே கதை கட்டிவிடுவார்கள், அந்தக் கதையின் பாரம் பிள்ளைகள் தலையில்தான் விழும்.

அடுத்தது அம்மாமார். இங்கே அவசரப்படக் கூடாது. போனில் கேட்காதீர்கள். வீட்டுக்குப் போங்கள், திண்ணையில் இருந்து தேத்தண்ணீர் குடியுங்கள், அவர்களுடைய சுகதுக்கத்தைக் கேளுங்கள், பிறகு விஷயத்துக்கு வாருங்கள். அம்மா ஒருவருக்கு இருக்கிற பயம் என்ன? மகள் எங்கே போகிறாள், யாரோடு வருகிறாள், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள், அங்கே ஆண் பிள்ளைகள் வருவார்களா, படிப்புக் கெடுமா. அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்: 'அக்கா, ஞாயிறு பின்னேரம் மூன்றரைக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிப்போம். பிள்ளையை நானே கூட்டிவந்து விடுவேன். நீங்களும் ஒருநாள் வந்து இருந்து பாருங்கள்.' அந்தக் கடைசி வசனத்தை மனதாரச் சொல்லுங்கள். ஒருநாள் வந்து பார்த்த அம்மா அடுத்த கிழமையிலிருந்து மகளைத் தானே நேரத்துக்கு அனுப்புவார்.

சைவ வீட்டிலிருந்து வருகிற பிள்ளையின் பெற்றோரிடம் ஒளிவுமறைவு கூடவே கூடாது. அங்கே என்ன நடக்கிறது என்று உள்ளபடி சொல்லுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் மறைவாக அழைக்காதீர்கள், அந்தப் பிள்ளைக்காக ஜெபியுங்கள், வழியில் கண்டால் அன்பாகக் கதையுங்கள். தாய் தகப்பனுக்குப் பொய் சொல்ல ஒரு பிள்ளையைப் பழக்கிவிட்டு, அதை விசுவாசம் என்று அவளுக்குக் காட்ட முடியாது.

மூன்றாம் படி: வீடும் நேரமும்

ஆலய மண்டபத்தைவிட வீடு நல்லது. மண்டபத்தில் கதிரையை அடுக்கி உட்கார்ந்தால் பிள்ளைகள் வகுப்பு என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள். பாயில் வட்டமாக இருந்தால் கதை வரும். வீடு வளவு பெண் பிள்ளைக்குப் போவது இந்தப் பக்கத்து வழக்கம், ஆகவே ஒரு வீட்டைத் திறந்துவிடும் உரிமை அனேகமாக ஒரு பெண்ணின் கையில் இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளிலும் அதுதான்: ஆற்றங்கரையில் ஜெபிக்கக் கூடிய பெண்கள் நடுவில் இருந்த லீதியாள், ஞானஸ்நானம் பெற்றவுடன் தன் வீட்டைத் திறந்துவிடுகிறாள். எருசலேமில் பலர் கூடி ஜெபித்தது மாற்கு என்னும் யோவானின் தாய் மரியாளின் வீட்டில்.

வீட்டைத் தெரிந்தெடுக்கும்போது அங்கே குடித்துவிட்டு வருகிற ஆள் இல்லை என்பதையும், கழிவறைக்குத் தனியாகப் போய்வர வசதி உண்டு என்பதையும், வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற முன்விறாந்தை உண்டு என்பதையும் பாருங்கள்.

நேரம் இருட்டுக்கு முன் முடிய வேண்டும். வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரையில் பிரதான வீதி ஓரம் என்றால் பஸ் கிடைக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் பஸ் குறைவு, குருமண்வெளியில் படகு ஏறி மண்டூருக்குப் போகிற பிள்ளைக்கு அந்தப் படகின் நேரம்தான் உங்கள் நேரம். கடைசியாக வீடு சேர்கிறவளின் கணக்கைப் பார்த்து மற்ற எல்லாரும் ஒத்துப்போகட்டும்.

நாலாம் படி: கூடும் ஒன்றரை மணித்தியாலம்

இதற்கு ஒரு ஒழுங்கு தேவை. ஒழுங்கு தெரிந்தால் கூச்சமுள்ள பிள்ளைக்குப் பயம் போகும், அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும்.

முதல் கால் மணித்தியாலம் வெறும் கதை. தேத்தண்ணீர், மரவள்ளிக்கிழங்கோ பணிசோ ஏதாவது. சாப்பாட்டைப் பெரிதாக்க வேண்டாம், ஒரு வீட்டில் பட்டிஸ் கொடுத்தால் அடுத்த வீட்டு அம்மா அதற்கு மேல் கொடுக்கப் பார்ப்பார், இல்லாத வீடு பின்வாங்கும். 'பிளேன்டீயும் ஒரு கடியும், அவ்வளவுதான்' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பிறகு ஒரு பாட்டு, இரண்டு பாட்டு. கீர்த்தனையோ புதுப் பாட்டோ, எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும். போனில் போட்டுக் கேட்பதைவிடச் சுருதி பிசகினாலும் அவர்களே பாடுவது நல்லது.

பிறகு வேத வாசிப்பு, இதுதான் நடு. ஒரு பகுதியை இரண்டு தரம் சத்தமாக வாசியுங்கள், இருவர் மாறி மாறி. குழுவில் கத்தோலிக்கப் பிள்ளையும் இருந்தால் ஒரு தரம் பழைய மொழிபெயர்ப்பான பரிசுத்த வேதாகமத்திலும் ஒரு தரம் கத்தோலிக்கர் வாசிக்கிற திருவிவிலியத்திலும் வாசியுங்கள், இரண்டையும் கேட்கும்போது வசனம் நன்றாக விளங்கும். வாசித்தபின் பிரசங்கம் செய்யாதீர்கள். கேள்வி கேளுங்கள். இங்கே யார் யார் இருக்கிறார்கள்? ஒவ்வொருவருக்கும் என்ன பயம், என்ன ஆசை? கடவுள் இதில் என்ன செய்கிறார்? இந்தக் கிழமை என் வீட்டில் இது எங்கே படுகிறது? நாலாவது கேள்விக்கு யாரையும் வற்புறுத்தாதீர்கள். மௌனம் வந்தால் வரட்டும். மௌனத்தை நிரப்புவதற்காக நீங்கள் பேசத் தொடங்கினால் அடுத்த கிழமையும் நீங்கள்தான் பேச வேண்டிவரும்.

கடைசி அரை மணித்தியாலம் ஜெபம். பெரிய பெரிய வார்த்தைகளில் ஜெபிக்கிறவர்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் தங்களுக்கு ஜெபிக்கத் தெரியாது என்று நினைத்திருப்பார்கள். முதல் மாதம் ஒரு வசன ஜெபம் மட்டும் வையுங்கள். 'ஆண்டவரே, என் தம்பிக்குக் காய்ச்சல், சுகம் தாரும்.' ஆமென். அடுத்தவள். சத்தமாக ஜெபிக்க ஏலாதவள் ஒரு துண்டில் எழுதித் தரட்டும், நீங்கள் வாசியுங்கள். செபமாலை சொல்லிப் பழகியவள் அதைச் சொல்லட்டும், அந்நியபாஷையில் ஜெபித்துப் பழகியவளும் இருப்பாள். எது சரி என்ற வாதத்தை இந்தப் பாயில் நடத்த வேண்டாம். ஞானஸ்நானம், மாதா வணக்கம், ஓய்வுநாள் என்பதெல்லாம் பெரிய விஷயங்கள், அவற்றை அவரவர் போதகரிடம், பாதரிடம், சிஸ்டரிடம் கேட்கட்டும். ஒரு பிள்ளையை அவளுடைய ஆலயத்திலிருந்து உங்கள் ஆலயத்துக்கு இழுப்பது இந்தக் குழுவின் நோக்கம் ஆகக் கூடாது. ஒருமுறை அப்படி நடந்தால் மற்ற எல்லா அம்மாமாரும் கதவைச் சாத்துவார்கள், அதில் நியாயமும் உண்டு.

ஒரு சட்டம் மட்டும் முதல் நாளே சொல்லுங்கள், மாதம் ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள்: இங்கே சொன்னது இங்கேயே இருக்கும். ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் ஊருக்குப் போகிற வம்பைப் போல ஒரு பெண்ணின் மனதை உடைப்பது வேறில்லை. வட்ஸ்அப் குழுவில் நேரமும் இடமும் வாசிப்புப் பகுதியும் மட்டும் போடுங்கள். ஒருத்தியின் கஷ்டத்தை அதில் எழுத வேண்டாம்.

ஐந்தாம் படி: எதை வாசிப்பது

முதல் நாள் லூக்கா 1:39 முதல் 56 வரை, மரியாளும் எலிசபெத்தும். அடுத்த நாலு கிழமைக்கு ரூத், நாலே அதிகாரம். பஞ்சம், வெளிநாட்டுக்குப் போன குடும்பம், அங்கே செத்துப்போன ஆண்கள், வெறுங்கையோடு ஊர் திரும்பிய மாமியார், அவரோடு வந்த மருமகள், வயலில் கதிர் பொறுக்குதல். நம் பிள்ளைகளுக்கு இதில் எதையும் விளக்கத் தேவையில்லை, பெரும்போக அறுவடை நேரத்தில் வயல் பக்கம் போனவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நகோமியைப் பற்றிக் கேளுங்கள்: 'என்னை மாராள் என்று கூப்பிடுங்கள்' என்று கசப்போடு வந்து நிற்கிற அந்த அம்மாவைப் போல உங்களுக்குத் தெரிந்த யாராவது இருக்கிறார்களா? அவருக்கு யார் ரூத்?

பிறகு மாற்கு, பதினாறு அதிகாரம், அவசரமில்லாமல் வாசித்தால் ஐந்தாறு மாதம் போகும். ஐந்தாம் அதிகாரத்தில் நின்று வாசியுங்கள். பன்னிரண்டு வருஷம் இரத்தப்போக்கால் கஷ்டப்பட்ட பெண் கூட்டத்துக்குள் ஒளிந்து வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் அவளைத் திட்டவில்லை, எல்லார் முன்னும் 'மகளே' என்று கூப்பிடுகிறார். மாதவிடாய் நாட்களில் வேதத்தைத் தொடலாமா, ஆலயத்துக்குப் போகலாமா, நற்கருணை வாங்கலாமா என்ற கேள்வி நம் பிள்ளைகள் பலருக்கு உள்ளே இருக்கிறது, தீட்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள், கேட்க வெட்கப்படுவார்கள். இந்தப் பகுதியை வாசிக்கும் நாளில் நீங்களே அந்தக் கதையை எடுத்து, தொடலாம், போகலாம், வாங்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை சிலருக்குப் பல வருஷச் சுமையை இறக்கிவைக்கும்.

எண்ணாகமம் 27ஐயும் ஒருநாள் எடுங்கள். யாரும் இதில் பிரசங்கம் செய்வதில்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்ற ஐந்து சகோதரிகள். தகப்பன் செலொப்பியாத் வனாந்தரத்தில் இறந்துவிட்டார், அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. மோசே, ஆசாரியன், பிரபுக்கள், சபையார் எல்லாரும் கூடியிருக்கிற இடத்தில் இந்த ஐந்து பேரும் வந்து நின்று, 'எங்கள் தகப்பனுடைய பங்கு எங்களுக்கு வேண்டும்' என்று கேட்கிறார்கள். மோசே அதைக் கடவுளிடம் கொண்டுபோகிறார். அவர்கள் கேட்பது சரி என்று கடவுள் சொல்கிறார். யுத்தத்தில் தகப்பனையோ அண்ணனையோ இழந்து, காணி உறுதிக்கும் மரணச் சான்றிதழுக்கும் அலுவலக வாசல்களில் நின்ற அம்மாமாரின் பிள்ளைகள் உங்கள் பாயில் இருப்பார்கள். 'உன் அம்மா எந்தெந்த வாசலில் நின்றார் தெரியுமா? இந்தக் கிழமை வீட்டில் கேட்டு வா' என்று அனுப்புங்கள். திரும்பி வரும்போது அவர்கள் கொண்டுவருகிற கதைகளுக்கு ஒரு முழுப் பின்னேரத்தை ஒதுக்கிவையுங்கள்.

ஆறாம் படி: வீட்டில் தனியாக ஜெபிக்கப் பழகுதல்

கிழமைக்கு ஒருமுறை கூடுவது போதாது, ஒவ்வொருத்தியும் தனியாக ஆண்டவரோடு இருக்கப் பழக வேண்டும். ஆனால் 'அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் தியானி' என்று சொன்னால் பாதிப் பேருக்கு அறையே இல்லை. இரண்டு அறை வீட்டில் ஆறு பேர், ஒரு பக்கம் ரீவி, ஒரு பக்கம் தம்பி. ஆகவே பத்து நிமிடம் என்று தொடங்குங்கள். எங்கே, எப்போது என்று ஒவ்வொருத்தியோடும் தனித்தனியாக இருந்து கண்டுபிடியுங்கள். ஒருத்திக்கு அதிகாலை அடுப்பு மூட்டும் முன். ஒருத்திக்குப் பஸ்ஸில், பாலம் தாண்டும் வரை. ஒருத்திக்குக் கிணற்றடியில். கைக்குழந்தைக்காரிக்குப் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரம்.

வாசிக்க என்ன? 120 முதல் 134 வரையான சங்கீதங்களைக் கொடுங்கள். எருசலேமுக்குப் போகிறவர்கள் வழியில் பாடிய பதினைந்து பாட்டுகள், ஒன்றைத் தவிர எல்லாம் ஒன்பது வசனத்துக்குள்தான். நாளுக்கு ஒன்று, பதினைந்து நாள். அதில் மனதில் பட்ட ஒரு வசனத்தைக் கையால் கொப்பியில் எழுத வேண்டும். அதன் கீழ் ஒரு வரியில் தன் ஜெபம். அந்தக் கொப்பியை நீங்கள் வாசிக்கக் கூடாது, அது அவளுக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ளது. விரும்பி ஒரு வசனத்தை வாசித்துக் காட்டினால் கேளுங்கள்.

போனில் வேதம் வாசிக்கலாமா என்று கேட்பார்கள். வாசிக்கலாம். ஆனால் அந்தப் பத்து நிமிடம் டேட்டாவை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் வசனத்தில் மெசேஜ் வந்துவிடும்.

நாலு நாள் விட்டுப்போனால் பிள்ளைகள் வெட்கத்தில் முழுதாக நிறுத்திவிடுவார்கள். விட்ட இடத்திலிருந்து பிடிக்கத் தேவையில்லை, இன்றைக்கு என்ன நாளோ அதிலிருந்து தொடங்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஏழாம் படி: துக்கத்துக்கு இடம் கொடுங்கள்

நம் பக்கத்தில் விசுவாசத்தைப் பற்றிக் கதைக்கிற எவரும் இதைத் தாண்டிப்போக முடியாது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்மசுக்கு அடுத்த நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாவலடியிலிருந்து கல்முனை, திருக்கோவில் வரை கடற்கரையோரம் எத்தனை வீடுகளில் சாவு. இன்று பதினெட்டு வயதுள்ள பிள்ளை அதற்குப் பிறகு பிறந்தவள், ஆனால் அவளுடைய வீட்டுச் சுவரில் அவள் காணாத அக்காவின் படம் தொங்கும். அதற்கு முன்னும் பின்னும் யுத்தம். பிறகு 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதி ஒருவனின் குண்டு வெடித்தது, ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்து நின்ற பிள்ளைகளும் அதில் இறந்தார்கள். அந்தப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள்தான் இன்று உங்கள் குழுவுக்கு வரும் வயதில் இருக்கிறார்கள்.

'ஆண்டவர் ஏன் விட்டார்' என்று ஒருத்தி கேட்டால் உடனே பதில் கொடுக்காதீர்கள். 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லாதீர்கள். 13ஆம் சங்கீதத்தைத் திறவுங்கள், ஆறே வசனம், முதல் இரண்டு வசனத்திலேயே நாலு தரம் 'எதுவரைக்கும்' என்று கேட்கிறது. 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. கடவுளிடம் கேட்பது அவிசுவாசம் இல்லை என்று அவளே தன் கண்ணால் வாசிக்கட்டும். டிசம்பர் 26ஐ அடுத்த ஞாயிறும், உயிர்ப்பு ஞாயிறை அடுத்த கூட்டமும் படிப்பு வேண்டாம். மெழுகுதிரி கொளுத்தி, பெயர்களைச் சொல்லி, ஒரு சங்கீதம் வாசித்து, அழ வேண்டியவர்கள் அழட்டும்.

2019க்குப் பிறகு நம் ஜெபங்களுக்குள் வேறொரு விஷயமும் நுழைந்துவிட்டது: பயம், அதிலிருந்து வருகிற வெறுப்பு. பக்கத்து ஊர் முஸ்லிம் பிள்ளையோடு ஒரே கிளாஸில் இருக்கிறவர்கள் நம் பிள்ளைகள். ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்குகிற ஜெபம் வந்தால் மென்மையாக நிறுத்தி, 'உன் கிளாஸில் இருக்கிற முஸ்லிம் கூட்டாளிக்காக ஜெபிப்போம், பெயர் என்ன?' என்று கேளுங்கள். பெயர் வந்ததும் ஜெபம் மாறும்.

எட்டாம் படி: ஜெபத்தோடு வைத்தியரிடமும் போக வேண்டிய விஷயங்கள்

ஒருத்தி மாதக்கணக்கில் நித்திரை இல்லாமல், சாப்பிடாமல், 'இருந்து என்ன' என்று கதைக்கத் தொடங்கினால் அதைச் செய்வினை என்றோ விசுவாசக் குறைவு என்றோ யாரும் சொல்ல விடாதீர்கள். எலியா சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும். அவனைத் தூங்கவும் விட்டார்கள், கேள்வி பிறகுதான் வந்தது. ஜெபியுங்கள், கூடவே அவளை வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தோடு கதைக்கலாம்.

வீட்டிலோ வெளியிலோ யாராவது அவளைத் தொந்தரவு செய்கிறார்கள் என்று சொன்னால், இரகசியச் சட்டம் அங்கே பொருந்தாது. 'இதை நான் ஒருவரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 'உன்னைக் காப்பாற்ற யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன், உன்னோடு நானும் வருவேன்' என்று சொல்லுங்கள். பதினெட்டுக்குக் குறைந்தவள் என்றால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை. பெண்களுக்கு 1938. தொந்தரவு செய்தவர் சபையில் பெரிய ஆளாக இருந்தாலும் இதுவே வழி. சபையின் மானம் என்று மூடினால் அந்தப் பிள்ளை சபையையும் ஆண்டவரையும் சேர்த்தே விட்டுப்போவாள்.

உங்களுக்கும் சட்டம் உண்டு. கூட்டத்தில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருங்கள். எந்த ஆண் ஊழியரும் பிள்ளைகளோடு தனியாக மெசேஜ் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதைப் போதகரிடமே சொல்லி ஒழுங்கு செய்யுங்கள்.

வெளிநாட்டு வேலைக்குப் போக நினைப்பவளைப் பயமுறுத்த வேண்டாம், வீட்டுக் கடன் அவளுக்குத்தான் தெரியும். முகவர் நிலையம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்ததா என்று 1989க்கு அழைத்துக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போனபின் விட்டுவிடாதீர்கள். வளைகுடா நாடுகளில் அனேகமாக வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, அதுவும் கிடைத்தால்தான். வெள்ளிதோறும் ஒருத்தி மாறி ஒருத்தி அவளுக்குக் குரல்பதிவில் ஒரு சங்கீதம் வாசித்து அனுப்பட்டும்.

ஒன்பதாம் படி: அவர்கள் கையில் வேலை கொடுங்கள்

ஆலயத்தில் பெண் பிள்ளைகளுக்கு என்று வருகிற வேலை கூட்டுவது, பூ வைப்பது, சாப்பாடு பரிமாறுவது. அவை தாழ்ந்த வேலைகள் இல்லை, ஆனால் அவை மட்டும் என்றால் அது சரியில்லை. உங்கள் குழுவில் ஆறு மாதம் சத்தமாக வாசித்துப் பழகியவள் ஆராதனையில் வேதபாடம் வாசிக்கட்டும், ஜெபம் நடத்தட்டும். போதகரிடம் நீங்கள் போய்க் கேளுங்கள். மெதடிஸ்த மிஷன் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தது, அதன் வழியில் வந்த வின்சென்ற் மகளிர் பாடசாலை 1820இல் தொடங்கியது என்று அதன் வரலாறு சொல்கிறது. இருநூறு வருஷமாகப் பெண் பிள்ளைகள் வாசிக்கப் படித்த ஊரில், ஆலயத்தில் அவர்கள் வாசிப்பதைக் கேட்பது நியாயமான ஆசைதான்.

மாதம் ஒருமுறை தனியாக இருக்கிற வயதான அம்மா ஒருவரைப் பார்க்கப் போங்கள். மார்ச் முதல் வெள்ளியன்று உலகமெங்கும் பெண்கள் சபை வித்தியாசமில்லாமல் சேர்ந்து நடத்துகிற உலக ஜெப நாள் வருகிறது. ஒவ்வொரு வருஷமும் ஒரு நாட்டுப் பெண்கள் அந்த ஆராதனையை எழுதுகிறார்கள். மற்றச் சபைப் பெண்களோடு உங்கள் பிள்ளைகளைச் சேர்க்க அது நல்ல நாள்.

கடைசியாக: இடைவெளியும் பிரிவும்

நவம்பர் தொடங்கி ஜனவரி வரை மாரி மழை. வெள்ளம் வந்தால் கூட்டம் நடக்காது. பரீட்சை மாதங்களிலும் அப்படித்தான். அதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அந்தக் கிழமைகளில் ஒவ்வொருத்திக்கும் ஐந்து நிமிடம் போன் எடுங்கள். பரீட்சைக்காரிக்காகக் குறித்த பாடத்தின் பெயரைக் கேட்டு, அந்தப் பரீட்சை நேரத்தில் ஜெபியுங்கள்.

வராதவளைத் தேடுவது இந்த வேலையில் பாதி. ஒரு கிழமை வராவிட்டால் மெசேஜ், இரண்டு கிழமை என்றால் நேரில். 'ஏன் வரவில்லை' என்று கேட்காமல், 'உன்னைக் காணவில்லை, பார்க்க வந்தேன்' என்று சொல்லுங்கள்.

எட்டுப் பேருக்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரியுங்கள், அழுதாலும் பிரியுங்கள். ஒன்பது பத்துப் பேர் வட்டத்தில் கூச்சமுள்ளவள் வாயே திறக்க மாட்டாள். அதற்காக முதல் நாளிலிருந்தே ஒருத்தியை உங்கள் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள்: மூன்றாம் மாதம் அவள் பாட்டை நடத்தட்டும், ஆறாம் மாதம் கேள்விகளைக் கேட்கட்டும், ஒரு வருஷத்துக்குள் நீங்கள் இல்லாத ஒரு ஞாயிறை முழுதாக அவளே நடத்தட்டும். புதுக் குழுவுக்கு அவளை அனுப்பும்போது, இரண்டாவது பட்டியலிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தியையும் அவளோடு அனுப்புங்கள். யார் இன்னும் வரவில்லை என்று முதலில் அவள் கண்ணுக்குத்தான் தெரியும்.